மூன்றாவது ஷிப்டு

போன மாதம் எங்கள் கட்டடத்துக்காக ஒரு நோட்டீஸ் அடித்தோம். தமிழ், இங்கிலீஷ், ஜூலு மூன்றிலும். "பழைய பள்ளிக்கூடம் கலைக்கூடமாக மாறியிருக்கிறது, எல்லோரும் வாருங்கள்" என்று தலைப்பு. முதல் தாளை அப்பாவிடம் கொடுத்தேன். அவருக்கு 84 வயது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகத்தான் படிப்பார். படித்து முடித்ததும் தாளை மடித்து என் கையிலேயே வைத்தார்.

"மாறுனதுன்னு ஏன் போட்டீங்க? பள்ளிக்கூடமா இருந்தப்பவே அது கூத்துக்கொட்டாய்தானே."

ரெண்டு நாள் அது மனசை விட்டுப் போகவே இல்லை. நானும் அந்தக் கட்டடத்தில் படித்தவள், இப்போது சனிக்கிழமைகளில் அங்கே தமிழ் சொல்லிக்கொடுப்பவள். ஆனாலும் அவர் சொன்ன பிறகுதான் அதன் வரலாறு தலைகீழாக என் மண்டையில் இருந்தது புரிந்தது. அதை நேராக எழுதிவைக்க வேண்டும் என்றுதான் இந்தப் பதிவு.

கட்டடம் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே, வெருலத்துக்கும் டொங்காட்டுக்கும் நடுவில், கரும்புக் காட்டை ஒட்டிப் போகும் ஒரு சின்னச் சாலையில் இருக்கிறது. கரும்பு வெட்டுவதற்கு முன்னால் சோகையை எரிக்கும் மாதங்களில் கரித்துகள் பறந்து வந்து ஜன்னல் திண்டில் படியும், கையால் தொட்டால் மையாகிவிடும். செங்கல் சுவர், தகரக் கூரை, முன்னால் நீளமான வராந்தா. வராந்தாவின் தரை சிவப்பு பாலிஷ் போட்டது. அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமை தோறும் பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் மண்டிபோட்டு, துணியில் பாலிஷைத் தொட்டுத் தொட்டு அந்தத் தரையைத் தேய்க்க வேண்டும். முழங்காலில் ஏறிய சிவப்பு போக ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும் என்று அத்தை சொல்வார். இப்போது பரதம் ஆட வரும் பிள்ளைகளின் பாதமும் அதே சிவப்பாகத்தான் வீட்டுக்குப் போகிறது. பாலிஷ் டப்பா மாறவே இல்லை.

தமிழ்நாட்டில் இருந்து படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். 1860 அக்டோபரில் மதராஸில் இருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் அந்த வருடம் நவம்பர் 16 அன்று டர்பனில் வந்து நின்றது. அதில் ஆரம்பித்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் மதராஸ் துறைமுகத்தில் ஏறியவர்கள், அதாவது தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். ஐந்து வருட ஒப்பந்தம், கரும்பு, நிலக்கரி, ரயில்பாதை. அவர்களுடைய பிள்ளைகள் எழுதப் படிக்க வேண்டும் என்று தோட்டக்காரர்கள் யாரும் கவலைப்படவில்லை, படித்த பிள்ளை கரும்பு வெட்ட வராது என்ற கணக்கு அவர்களுக்கு இருந்தது. மிஷன்காரர்கள் சில இடங்களில் பள்ளி நடத்தினார்கள். மற்ற இடங்களில் நம் ஆட்களேதான் கட்டிக்கொண்டார்கள்.

அப்படிக் கட்டியதற்குத்தான் 'எய்டட் ஸ்கூல்' என்று பெயர். நிலத்தை ஊர்க்காரர்கள் பிடிக்க வேண்டும், கட்டடத்தை ஊர்க்காரர்கள் எழுப்ப வேண்டும், அதற்குப் பிறகு அரசாங்கம் வாத்தியார் சம்பளத்துக்கும் கட்டடச் செலவில் ஒரு பங்குக்கும் பணம் கொடுக்கும். பள்ளிக்குப் பொறுப்பாக ஊரில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், அவர்தான் 'கிராண்டீ'. எங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் தலைமையாசிரியர் பேரை மறந்திருப்பார்கள், கிராண்டீ பேரை மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் தானே பள்ளி கட்டியது. கரும்பு வெட்டிய கையும் காய்கறிக் கூடை சுமந்த தலையும் மட்டும் தன் பிள்ளைக்குச் செங்கலையும் சேர்த்து வாங்க வேண்டியிருந்தது.

இந்தியர்களுக்கு ஒரு உயர்நிலைப் பள்ளி என்று பெரிய அளவில் வந்ததும் அதே வழியில்தான். இந்திய அரசும் தென்னாப்பிரிக்க அரசும் 1927இல் செய்துகொண்ட கேப்டவுன் ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்திய அரசின் ஏஜெண்டாக இங்கே வந்தவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வலங்கைமான்காரர். அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசிப் பணம் திரட்டினார், 1929இல் டர்பனில் சாஸ்திரி காலேஜ் திறந்தது. மக்கள் காசில் கட்டி முடித்து அரசாங்கத்திடம் ஒப்படைத்தார்கள். பகலில் பையன்கள் படித்த அதே வகுப்பறைகளில் பிற்பாடு, 1936இல் இருந்து, நேட்டால் பல்கலைக்கழகக் கல்லூரி வெள்ளையர் அல்லாதவர்களுக்கு வகுப்பு நடத்தியது. வெள்ளை மாணவர்கள் படித்த வளாகத்தில் அவர்களுக்கு இடமில்லை, அதனால் பள்ளிக்கூடத்து பெஞ்சில் கல்லூரி. ஒரே கட்டடத்தைக் காலையில் ஒன்றுக்கும் சாயந்திரம் இன்னொன்றுக்கும் வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்களுக்கு இடநெருக்கடியால் வந்தது.

அந்த நெருக்கடிக்கு இன்னொரு பெயர் பிளட்டூன். பிள்ளைகள் அதிகம், அறைகள் குறைவு, அதனால் காலையில் ஒரு கூட்டம், அது வீட்டுக்குப் போனதும் மதியத்துக்கு வேறொரு கூட்டம், அதே பெஞ்சு, அதே கரும்பலகை. ரெண்டாம் கூட்டத்துப் பிள்ளைகள் வெளியே மாமரத்தடியில் காத்திருப்பார்கள். அப்பா ரெண்டாம் கூட்டம். உள்ளே போனதும் பெஞ்சு சூடாக இருக்கும் என்பார். பள்ளிக்கூடம் என்றதும் அவருக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தச் சூடுதான்.

அப்புறம் இருட்டினதும் மூன்றாவது ஷிப்டு. அதற்கு அரசாங்கக் கணக்கில் பெயர் கிடையாது.

திங்கள் முதல் வியாழன் வரை மண்ணெண்ணெய் விளக்கில் தமிழ்ப் பள்ளி. கோயில் பூசாரியும், கடையில் கணக்கு எழுதும் ஒருவரும், ஆளுக்கு ரெண்டு நாள் வந்து ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தார்கள், சம்பளம் என்று பார்த்தால் மூட்டையில் கொஞ்சம் அரிசியோ பருப்போ. வெள்ளியும் சனியும் கூத்து ஒத்திகை. தெருக்கூத்துக்கு எங்கள் ஊரில் இங்கிலீஷில் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர். கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் விடிய விடிய ஆடுவார்கள். கட்டியக்காரன் வந்து சிரிக்க வைப்பான், ராசா கிரீடத்தோடு திரைக்குப் பின்னால் இருந்து குதித்து வருவார், பெண் வேடமும் ஆண்களே கட்டுவார்கள். வாரம் முழுக்க சர்தார் என்ற தோட்டத்து மேஸ்திரிக்கு முன்னால் குனிந்து கரும்பு வெட்டியவர் சனிக்கிழமை ராத்திரி அரிச்சந்திர மகாராசாவாக நிமிர்ந்து நிற்பதைப் பார்க்க, கரும்புக் காட்டு வழியில் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு ஜனம் வருமாம்.

இனி கட்டடத்தில் இருக்கும் ஒரு தடுப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

கட்டடத்தின் நடுவில் ரெண்டு பெரிய அறைகள். அவற்றுக்கு இடையில் இருப்பது சுவர் இல்லை, எட்டு மரப் பலகைகளைக் கீல் போட்டு இணைத்த மடிப்புத் தடுப்பு. கீழே தரையில் ஒரு இரும்புத் தண்டவாளம் பதித்திருக்கிறது, பலகைகளின் அடியில் சின்னச் சின்ன இரும்புச் சக்கரங்கள். இழுத்து மூடினால் ரெண்டு வகுப்பு. மடித்து ஓரத்தில் தள்ளினால் முந்நூறு பேர் உட்காரும் ஒரே கூடம். இதுமட்டும் இல்லை. மேற்குப்பக்க அறையின் கடைசியில் தரை ஒன்றரை அடி உயரமாக, சுவருக்குச் சுவர் மேடையாக இருக்கிறது. ஒரு வாத்தியார் நின்று பாடம் நடத்த ஆறு அங்குலத் திண்டு போதும். சுவருக்குச் சுவர் மேடையும் மடித்துத் தள்ளும் தடுப்பும் கேட்டு வாங்கியவர்கள் மனசில் என்ன இருந்திருக்கும்? நான் அஞ்சு வருடம் அந்த மேடைக்கு எதிரே உட்கார்ந்து படித்தவள், ஒருநாளும் எனக்கு அது தோன்றவில்லை.

அது எங்கள் ஊகம் மட்டும் இல்லை. கோயில் அலமாரியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது, அதில் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடும் ஒரு கணக்கு நோட்டும். நோட்டு 1930களில் கட்டடம் எழும்பிய காலத்தது. ஒவ்வொரு பக்கத்திலும் இடதுபக்கம் வரவு, வலதுபக்கம் செலவு, வளைந்து வளைந்து ஓடும் பென்சில் தமிழ். வலதுபக்கம் செங்கல், சுண்ணாம்பு, தகரம், வண்டிக்கூலி. இடதுபக்கம் பார்த்தால் வீட்டுக்கு வீடு வசூலித்த ஷில்லிங்குகளுக்கு நடுவே 'அரிச்சந்திரா', 'துரோபதை', மறுபடி 'அரிச்சந்திரா', பக்கத்தில் பவுனும் ஷில்லிங்கும். கூத்துக்குத் தட்டில் விழுந்த காசு! கூட்டிப் பார்த்தோம், நோட்டில் இருக்கும் வரவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. பள்ளிக்கூடத்துக்குள் கூத்து வந்து ஒண்டிக்கொண்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கூத்து ஆடி அந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டியிருக்கிறார்கள். அப்பா சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை.

சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தால் அது வேறொரு உலகம். கவுண்டர் 'கவெண்டர்' ஆகியிருக்கிறார், முதலியார் 'மூட்லி' ஆகியிருக்கிறார், எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததுதான் இன்று எங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. 'தகப்பன் தொழில்' என்ற பத்தியில் மேலிருந்து கீழே கூலி, கூலி, தோட்டக்காரர், தலைச்சுமை வியாபாரி, கூலி. பெண்பிள்ளைகள் பக்கத்துக்கு மூன்றோ நான்கோ பேர். அப்பாவை 1947இல் கண்டுபிடித்தேன். கடைசிப் பத்தியில் 1952, ஸ்டாண்டர்ட் நாலு, 'வேலைக்குப் போய்விட்டான்' என்று இங்கிலீஷில் ஒற்றை வார்த்தை. அந்தப் பக்கத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அதே வார்த்தை.

பதிவேட்டின்படி அப்பாவின் பள்ளிப்படிப்பு பன்னிரண்டு வயதில் முடிந்தது. ஆனால் அவர் அந்தக் கட்டடத்துக்குப் போவதை நிறுத்தவே இல்லை. பகலில் காய்கறித் தோட்டத்தில் வேலை, ராத்திரி மூன்றாவது ஷிப்டு. அங்கேதான் தமிழ் படிக்கக் கற்றார், தாளம் கற்றார், பதினாறு வயதில் ஆயாவின் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு சந்திரமதியாக ஆடினார். மயானத்தில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவர் அழுதபோது முன்வரிசையில் இருந்த ஆயா எழுந்து ஓடிவந்து, "போதும்டா எந்திரி" என்று கையைப் பிடித்து இழுத்தாராம். இன்னும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் யாராவது அதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதை நீட்டி எழுதப் பிடிக்கவில்லை. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்துவைத்து 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் ஊர்களைப் பிய்த்துப் போட்டது. டர்பனில் நகராட்சித் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸ், தமிழும் தெலுங்கும் கோயிலும் கூத்துமாக இருந்த இடம், 1960களில் காலியாகி ஜனம் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குப் போனது. எங்கள் பக்கத்திலும் குடும்பங்கள் சிதறின, கூத்துக் கோஷ்டி கலைந்தது. 1966இல் நேட்டாலில் இந்தியர் கல்வி மாகாணத்தின் கையில் இருந்து இந்தியர் விவகாரத் துறையின் கைக்குப் போனது. நான் படித்தபோது தடுப்பு எப்போதும் மூடியே இருந்தது, ராத்திரி கேட்டில் பூட்டு. பிறகு புதுப் பள்ளி கட்டினார்கள், பழையது சாமான் போடும் கிடங்காகி, கடைசியில் யாரும் திறக்காத கதவாகிவிட்டது. செம்புக் குழாய்களை ராத்திரியோடு ராத்திரியாக உருவிக்கொண்டு போனார்கள். கூரைத் தகரத்தில் ரெண்டு காணவில்லை. அந்த ஓட்டை வழியாக மழை விழுந்து மேடைப் பலகை ஒரு ஓரம் உளுத்துப்போனது.

இடிக்கவும் பார்த்தார்கள், அந்த இடத்தில் கடை வரிசை கட்ட ஒருவருக்கு ஆசை. காப்பாற்றியது ஒரு சட்டம். இந்த நாட்டில் 60 வருடத்துக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தையும் மாகாணப் பாரம்பரிய அமைப்பின் அனுமதி இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ முடியாது. எங்கள் மாகாணத்தில் அந்த அமைப்புக்கு அமஃபா என்று பெயர், ஜூலுவில் அந்த வார்த்தைக்கு முன்னோர் விட்டுச்சென்ற சொத்து என்று பொருள். கட்டடத்தின் வயதை நிரூபிக்க எங்களிடம் இருந்தது அந்தப் பென்சில் கணக்கு நோட்டுதான். குத்தகைக் காகிதத்துக்காக ஒரு அலுவலகத்துக்கு நாலு வருடம் நடந்தோம், ஒவ்வொரு தடவையும் கவுண்டரில் வேறு ஆள், ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து கதை சொல்ல வேண்டும். நோட்டின் ஜெராக்ஸை எப்போதும் கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

பழைய கட்டடத்தைக் கலைக்குக் கொடுப்பது இந்த நாட்டுக்குப் புதிதில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் இந்திய வியாபாரிகளின் பழச்சந்தையாக இருந்த கூடத்தில்தான் 1976 ஜூனில், சொவேட்டோவில் போராடிய பள்ளிப் பிள்ளைகள் போலீசால் சுடப்பட்டு ஒரு வாரம்கூட ஆகாத நேரத்தில், மார்க்கெட் தியேட்டர் திறந்தது. டர்பன் துறைமுகத்தில் கடற்படைப் பயிற்சிக் கட்டடம் 1995இல் பேட் சென்டர் என்ற கலைக்கூடம் ஆனது. கேப்டவுனில் சேப்பல் ஸ்ட்ரீட்டின் பழைய சர்ச் பள்ளி ஒன்றில் கம்யூனிட்டி ஆர்ட்ஸ் ப்ராஜெக்ட் நடந்தது, 1980களில் போராட்டக்காரர்கள் ஒட்டிய சுவரொட்டிகள் பல அங்கேதான் அச்சானவை. அவையெல்லாம் ஒன்றாக இருந்து இன்னொன்றானவை. எங்களுடையது அந்த வரிசையில் சேராது என்று இப்போது தெரிகிறது.

இன்றைக்கு வந்தால் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் 'தெய்யா தெய்' கேட்கும். பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ் கிடையாது, அவர்களுடைய தாய் தகப்பனுக்கே சரியாக வராது. அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவில் மதித்து வளர்க்கப்பட வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள், ஆனால் பிள்ளை வாயில் தமிழ் வருவது சட்டத்தால் இல்லை. பாட்டுக்காகவும் ஆட்டத்துக்காகவும், வருடா வருடம் வரும் ஐஸ்டெட்ஃபட் என்ற கலைப் போட்டியில் மேடையேறி நாலு வரி ஒப்பிக்க வேண்டும் என்பதற்காகவும்தான் வருகிறது. நான் அதில் குறை காணவில்லை. அப்பாவும் அப்படித்தானே கற்றார்.

பக்கத்து அறையில் தப்பு மேளமும் உறுமியும். அங்கே வரும் பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் ஜூலுப் பிள்ளைகள், சாலைக்கு அந்தப் பக்கத்து வீடுகள். அவர்களில் ஒரு பையன், வயது பதினொன்று, தப்பைக் காய்ச்சுவதில் கெட்டிக்காரன். பழைய செய்தித்தாளைக் கொளுத்தி, தோலைத் தீயின் மேல் ஒரு கையகலம் தள்ளிப் பிடித்துச் சுற்றிக்கொண்டே, இடது விரலால் சுண்டிச் சுண்டிக் கேட்பான். சத்தம் 'தொம்' என்று இருக்கும்வரை முகம் சுளிப்பான், 'டங்' என்று ஏறியதும் சட்டென்று தூக்கிவிடுவான். ஒரு விநாடி தாமதித்தால் தோல் வெடித்துவிடும். யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை, அவன் தாத்தா மாட்டுத்தோல் மேளத்தை வெயிலில் வைத்துக் காய்ச்சுவாராம், அதைப் பார்த்த காது. மதியம் அவர்களுடைய ஜூலு ஆட்டம், காலைத் தூக்கி அவர்கள் தரையில் அடிக்கும்போது நம் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். டொங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து மாதக்கணக்கில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்போது தண்ணி லாரி எங்கள் வாசலில்தான் நின்றது. மேடையில் அரிசி மூட்டை, சுவரோரம் போர்வை, வராந்தாவில் வாளி வரிசை. ஆட்டமும் பாட்டும் கொஞ்ச நாள் நின்றது, அது பரவாயில்லை.

தடுப்பு மட்டும் சண்டித்தனம் பண்ணிக்கொண்டே இருந்தது. பூட்டிக் கிடந்த வருடங்களில் தண்டவாளத்தில் துரு ஏறி, மூன்றாவது பலகையோடு சக்கரம் நின்றுவிடும். எண்ணெய் விட்டோம், தூசு ஒட்டிக்கொண்டு இன்னும் மோசமானது. ஒரு தச்சரைக் கூட்டிவந்தோம், அவர் மொத்தத்தையும் கழற்றிவிட்டுச் சுவர் எழுப்பச் சொன்னார்.

நோட்டீஸ் விஷயத்துக்கு அடுத்த சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிப்போனேன். ரொம்ப வருடம் கழித்து உள்ளே வருகிறார். மேடையை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நேரே தடுப்பிடம் போனார். உந்திப் பார்த்தார். பிறகு, "மெழுகுவத்தி இருக்கா?" என்றார்.

கரண்டு வெட்டுக்கு என்று நாங்கள் எப்போதும் அலமாரியில் வைத்திருக்கும் மெழுகுவர்த்தியை எடுத்துக் கொடுத்தேன். அதை அவர் கொளுத்தவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெள்ள மெள்ளத் தரையில் உட்கார்ந்தார், கோலம் போடுவது போல் அந்தத் தண்டவாளத்தின் மேல் மெழுகை இழுத்துத் தேய்த்தார், ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரைக்கும், உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து. தப்பு வகுப்புப் பையன் ஒருவன் வந்து பக்கத்தில் குந்தி, கையை நீட்டி இன்னொரு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு எதிர்முனையில் இருந்து தேய்க்க ஆரம்பித்தான். நடுவில் சந்தித்தார்கள்.

"இப்ப தள்ளு," என்றார் அப்பா.

எட்டுப் பலகையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து, சத்தமே இல்லாமல் சுவரோரம் போய் நின்றன.